நாலு கெண்டை, மூணு நாள்

ஓவர்சீயர் ஆனந்தன் ரேஷன் கடை மேசைமேல் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் எடைக்கல் வைத்தபோது லூர்து நகரில் பாதிப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். 1986 ஜூன் மாதம். முந்தைய வருஷ நவம்பர் மழையில் அந்த நகரின் அறுபது வீடுகளிலும் தண்ணீர் புகுந்து பதினோரு நாள் வடியாமல் நின்றிருந்தது. மேனாம்பேட்டுக்குப் பின்னால் வயலாகக் கிடந்த இடத்தை மனை பிரித்து விற்ற நகர் அது. வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று வீடு கட்டியவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"மெயின் ரோடு ஓரமா சிமெண்ட் கால்வாய்," என்று ஆனந்தன் விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்தார். "நேரா கிழக்க போயி பெரிய வாய்க்கால்ல சேந்துடும். இனிமே உங்க வீட்டுக்குள்ள தண்ணி வராது."

கைதட்டினார்கள். ஹில்டா மட்டும் தட்டவில்லை. அவள் பக்கத்துத் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டிரேசர். எட்டு வருஷமாக இயந்திர வரைபடங்களைப் பிரதி எடுத்துப் பழகியவளுக்குக் கோட்டைவிட எண்கள்தான் முதலில் கண்ணில் படும்.

"சார், இங்க பதினாலு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு. அந்த முனையில பதினாலு புள்ளி அஞ்சு. அப்ப தண்ணி மேட்டுல ஏறிப் போவணுமே?"

யாரோ சிரித்தார்கள். ஆனந்தனின் காது மடல் சிவந்தது. "அது தரை மட்டம்மா. கால்வாயை ஆழமா வெட்டுவோம்."

"ஆழமா வெட்டினா, அந்தக் கடைசியில பெரிய வாய்க்காலுக்கும் கீழ போயிடுமே சார். மழை நாள்ல அதுலேருந்து தண்ணி இங்கதானே திரும்பி வரும்?"

ஆனந்தன் குனிந்து பார்த்தார். இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வயது இருபத்தாறு. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்.

"இத நான் போடலம்மா," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ஆகஸ்ட்ல வேலை ஆரம்பிக்கணும். அதுக்குள்ள வேற வழி இருக்குன்னு காட்டுங்க. நானே மேல பேசறேன்."

ஹில்டா வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். அவள் புருஷன் துலுக்கானம் மேஸ்திரி. நடந்ததை ஹில்டா மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பள்ளம் எங்க கீதுன்னு தெரியணும், அவ்ளோதான? அதுக்கு ஆபீசரு எதுக்கு? என் ஊட்டுக்காரரு லெவல் டியூபு கீது."

கண்ணாடி மாதிரி தெரியும் முப்பதடி ரப்பர் குழாய். அதில் தண்ணீரை நிரப்பி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். சுவர் எழுப்பும்போது மட்டம் பார்க்கிற அந்தக் குழாயை வைத்து ஊரையே மட்டம் பார்த்துவிடலாம் என்பது கெங்கம்மாளின் யோசனை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஹில்டா புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். ரேஷன் கடைச் சுவரில் தொடங்கினார்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, சுவருக்குச் சுவர் அதே மட்டத்தில் கோடு போட்டார்கள். கோட்டிலிருந்து தரைவரை டேப்பால் அளந்து ஹில்டா நோட்டில் எழுதினாள்.

"எம்மா, புதுசா வெள்ளையடிச்ச செவுரும்மா!" என்று ஜெகதாம்பாள் வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

"தண்ணி வந்தா இந்தக் கோடு வரிக்கும் அதுவே அழுக்கு பூசிட்டுப் போவும், பரவால்லயா?" என்றாள் கெங்கம்மாள். ஜெகதாம்பாள் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுவாரம் அவளே நீலம் கரைத்து வைத்திருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு நோட்டில் ஒரு சரிவு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. மெயின் ரோட்டுப் பக்கம் போகப் போகத் தரை உயர்ந்தது. எதிர்ப்பக்கம், யாரும் போகாத பின்புறம், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று இறங்கிக்கொண்டே போனது. கடைசி வீட்டைத் தாண்டினால் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். அதன் பின்னால் ஜெயபால் என்பவன் நடத்தும் போல்ட்டுப் பட்டறைக்குப் போகும் மண்சாலை. அங்கேதான் தரை மிகத் தாழ்ந்திருந்தது.

"பள்ளம் ரோட்டுல போயி முட்டுது. ரோட்டுக்கு அந்தாண்ட?" என்றாள் கெங்கம்மாள்.

"அந்தாண்ட சித்தேரி," என்றாள் ஹில்டா.

கெங்கம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு புதருக்குள் புகுந்தாள். செங்கல் ஜல்லியும் பழைய சாக்கும் இடிந்த ஓடும் மலையாகக் கிடந்தன. இரண்டு தரம் குத்தினாள். மண். மூன்றாவது குத்தில் கடப்பாரை கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவள் தடுமாறி விழப்போனாள்.

"ஹில்டா! உள்ள காலியா கீது!"

இரண்டு பேரும் கையாலேயே தோண்டினார்கள். அரை மணி நேரத்தில் செங்கல் வளைவு ஒன்றின் விளிம்பு தெரிந்தது. கெங்கம்மாள் படுத்து ஓட்டைக்குள் கையை விட்டாள். "காத்து வருது! ஜில்லுனு வருது, கைய வச்சுப் பாரேன்!" ஹில்டாவும் மண்ணில் படுத்து, முகத்தை ஓட்டையருகே கொண்டுபோனாள். சாலைக்கு அடியில், இரண்டு வளைவுகளுடன் ஒரு பழைய பாலம் புதைந்து கிடந்தது. ஒரு காலத்தில் இந்த வழியே ஓர் ஓடை ஓடியிருக்க வேண்டும். மனை போட்டபோது கொட்டிய மண்ணும் குப்பையும் அதை அடைத்திருந்தன.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு ஆனந்தனைத் தேடிப் போனாள் ஹில்டா. அவர் முக்காலியில் வைக்கும் மட்டக் கருவியோடு வந்து, சாயங்காலம்வரை வெயிலில் நின்று அளந்தார். கடைசி எண்ணை எழுதியதும் ஹில்டாவின் நோட்டை வாங்கி ஒப்பிட்டார்.

"ரெண்டு அங்குலம்," என்றார். "மொத்த நீளத்துக்கும் ரெண்டே ரெண்டு அங்குலம்தான் வித்தியாசம்! ரப்பர் குழாய வச்சா இதப் பண்ணீங்க?" அவர் கத்திய கத்தலில் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சித்தேரி நாலடி கீழ இருக்கு. தண்ணி தானா ஓடும்மா, தானா ஓடும்!"

மேலே பேசினார். என்ன பேசினாரோ, ஜூலை கடைசியில் புதர் வெட்டவும் பாலத்தைத் தூர்வாரவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சிமெண்ட் கால்வாய்க் கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டாம் நாளே வேலை நின்றது. சித்தேரிக் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து பாலத்துக்கடியில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் இருந்தவள் வேம்புலியம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஏரியில் மீன் பிடித்து மண்ணூர்பேட்டைவரை கூடையில் கொண்டுபோய் விற்பவள். ஏரிக்கரையில் இருந்த நாற்பது குடிசைக்கும் குளிக்க, துவைக்க, மாடு குடிக்க அந்த ஏரிதான்.

"இன்னாமே, உங்க ஊட்டு நரகலெல்லாம் எங்க தலையில கொட்டப் போறீங்களா?" என்றாள் வேம்புலியம்மாள்.

"அம்மா, இது மழைத்தண்ணிதான். எங்க வீடெல்லாம் முழுகுது," என்றாள் ஹில்டா.

"மழத்தண்ணியா? வா, காட்றேன்." அவள் ஹில்டாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், பாலத்தின் முன்னால் புதர் வெட்டியதில் வெளிப்பட்ட குட்டையைக் காட்டினாள். கறுப்புத் தண்ணீர். மேலே எண்ணெய் வானவில் மாதிரி மிதந்தது. "இத்த மொண்டு வச்சு நாலு கெண்டைய உடறேன். மூணு நாளு உசுரோட நீந்திச்சினா தொறந்துக்கோ. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். செத்துச்சினா, இந்த எடத்த உட்டு நான் எழுந்திரிக்கமாட்டேன்."

மாடு தண்ணீர் குடிக்கும் மண் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து பாலத்தருகே வைத்தார்கள். குட்டைத் தண்ணீரை நிரப்பி, வேம்புலியம்மாள் நான்கு கெண்டைகளை விட்டாள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று சாய்ந்தது. அரை மணி நேரத்தில் நான்கும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

லூர்து நகர்க்காரர் ஒருவர், "போலீச வச்சுத் தொறக்கலாம்," என்றார். ஹில்டாவுக்குக் கோபம் வந்தது. "தொறந்து, அவங்க மாடு குடிச்சா என்ன ஆவும்? மூணு நாள் மீன் உயிரோட இருக்கணும்னு கேக்கறாங்க. நியாயந்தானே? பண்ணிக் காட்டுவோம்."

அன்று சாயங்காலமே ஹில்டாவும் கெங்கம்மாளும் குட்டையில் வந்து விழும் ஒவ்வொரு குழாயையும் தேடிப் போனார்கள். பதினோரு வீட்டுக் கழிவறைத் தொட்டிகளின் வழிகுழாய்கள் அதில் திறந்திருந்தன. ஏழாவது குழாயைப் பின்தொடர்ந்து போன ஹில்டா தன் வீட்டுப் பின்சுவரில் போய் நின்றாள்.

"உன்னுதுதான்," என்றாள் கெங்கம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "என்னுது அடுத்தது."

மறுநாள் ஹில்டாவின் கணவன் இக்னேஷியஸ் ஆவடியில் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுப் பின்னால் உறிஞ்சுகுழி தோண்ட ஆரம்பித்தான். துலுக்கானம் செங்கல் அடுக்கினான். முதல் குழி ஹில்டா வீட்டில், இரண்டாவது கெங்கம்மாள் வீட்டில். அந்த இரண்டையும் பார்த்த பிறகு மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களிடம் கேட்பது சுலபமாக இருந்தது. மூன்று வாரத்தில் பதினோரு குழாய்களும் அடைபட்டன.

மிச்சம் ஜெயபாலின் பட்டறை. போல்ட்டுகளை அமிலத்தில் ஊறவைத்துத் துரு எடுக்கிற இடம். அந்தத் தண்ணீர் நேராகக் குட்டைக்கு வந்தது. ஜெயபால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"நான் ஒருத்தன் மட்டுமாம்மா உடறேன்? எஸ்டேட்டு முழுக்க உடறான். என் ஒருத்தனப் புடிச்சா ஏரி சுத்தமாயிடுமா?"

"அண்ணாத்தே, ஒரு நிமிசம் வா," என்றாள் கெங்கம்மாள். அவனைப் பாலத்துக்கடியில் கூட்டிப்போய் வளைவைக் காட்டினாள். பட்டறைத் தண்ணீர் வந்து படும் பக்கத்தில் செங்கல்லுக்கு நடுவே காரையே இல்லை. விரலை விட்டாள். முழு விரலும் போனது. ஒரு செங்கல்லைப் பிடித்து ஆட்டினாள். பல் ஆடுவது மாதிரி ஆடியது.

"உன் ஆசிடு துன்ன எடம் இது. இதுமேலதான உன் லாரி போவுது? நான் பத்து வருசமா செவுரு பாக்கறேன். இந்த மழக்கித் தாங்காது."

ஜெயபால் அந்தச் செங்கல்லைத் தானும் ஆட்டிப் பார்த்தான். மேலே அவன் லாரி ஒன்று இரும்புப் பாரத்தோடு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. "ஏய், நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டு கரையேறினான்.

ஆகஸ்ட் முடிவதற்குள் பட்டறைக்குப் பின்னால் இரண்டு தொட்டிகள் எழும்பின. முதல் தொட்டியில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தின் வீரியத்தை அடக்குவார்கள். இரண்டாவதில் வண்டல் தங்கும். தெளிந்த தண்ணீரைத் திரும்ப உள்ளேயே கழுவ எடுத்துக்கொள்வார்கள். ஓடைக்கு ஒரு சொட்டும் போகாது. துலுக்கானம் பாலத்து வளைவுகளைப் புதுக் காரை வைத்துப் பூசினான்.

ஓடையின் கரைக்கு ஆனந்தன் சிமெண்ட் போட நினைத்தார். வேம்புலியம்மாள் விடவில்லை.

"சிமெண்டு போட்டினா தண்ணி வெறி புடிச்சாப்பல வந்து என் ஏரிக் கரைய ஒடைக்கும் சார். மண்ணாவே உடு. அகலமா வெட்டு. கோர முளைக்கட்டும். மெதுவா நடந்து வரட்டும்."

ஆனந்தன் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுநாள் வந்து, "அவங்க சொல்றது சரி," என்றார். ஓடையை இருபதடி அகலத்துக்கு, ஆழமில்லாமல் வெட்டினார்கள். பாலத்துக்கு முன்னால் மண்ணும் குப்பையும் தங்க ஒரு பள்ளம். கரையில் கோரை நட்டது ஏரிக்கரைப் பெண்களும் லூர்து நகர்ப் பெண்களும் சேர்ந்து. பாலத்தின் வாயில் மட்டும் இடுப்பளவு மண் அணை இருந்தது. மீன் பிழைக்கும் வரை அதைத் தொடக்கூடாது என்பது வேம்புலியம்மாளின் கட்டளை.

செப்டம்பரில் பெய்த சிறு மழைகளில் பள்ளம் நிரம்பியது. அக்டோபர் முதல் வாரம் மறுபடி தொட்டி வந்தது. பள்ளத்துத் தண்ணீரில் மறுபடி நான்கு கெண்டை.

இந்த முறை ஊரே கூடிவிட்டது. அரை மணி நேரம் தாண்டியபோது ஒரு கைதட்டல். மத்தியானம் தாண்டியது. ஹில்டா வேலைக்குப் போயும் கை ஓடவில்லை. ஒரு கோட்டை இரண்டு தரம் அழித்தாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தால், தொட்டியைச் சுற்றி ஒரே சத்தம். ஒரு கெண்டை செத்து மிதந்தது.

"போச்சு," என்று துலுக்கானம் தலையில் கை வைத்தான்.

வேம்புலியம்மாள் செத்த மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். செவுளுக்குக் கீழே கட்டை விரலால் தடவினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வருஷ மழையும் வீட்டுக்குள்தான்.

"இது தண்ணியால சாவல," என்றாள். "வலையில மாட்டி செவுளு கிழிஞ்சு கீது. என் தப்பு. மீதி மூணு நிக்குதான்னு பாக்கலாம்."

மூன்றும் நின்றன. இரண்டாம் நாள் காலை, இரண்டாம் நாள் மாலை. மூன்றாம் நாள் மத்தியானம் வேம்புலியம்மாள் தொட்டிக்குள் கையை விட்டதும் மூன்றும் அம்பு மாதிரி விலகி ஓடின. அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"தொறந்துக்கோங்க," என்றாள்.

ஆனால் திறக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை முந்திக்கொண்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வானம் இருட்டிக் கொட்ட ஆரம்பித்தது. எஸ்டேட்டில் கரண்ட் போய்விட, ஹில்டாவின் தொழிற்சாலையில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் நனைந்துகொண்டே வந்தபோது வீட்டின் ஐந்து படிகளில் மூன்று முழுகியிருந்தன. கெங்கம்மாள் மண்வெட்டியோடு எதிரே ஓடிவந்தாள்.

"வா, வா! ஆனந்தன் சாரு வரவரிக்கும் காத்துகினு கீறதுக்கு நேரமில்ல!"

பாலத்தில் துலுக்கானம், ஜெயபால், பட்டறை ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே நின்றார்கள். ஏரிக்கரையில் வேம்புலியம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். முதல் தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் மேற்கொண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கெங்கம்மாள்தான் முதல் வெட்டுப் போட்டாள். இரண்டாவது ஹில்டா. ஐந்தாவது வெட்டில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. அப்புறம் வெட்டவே வேண்டியிருக்கவில்லை. மண் அணை கரைந்து சரிந்தது. இரண்டு வளைவுகளும் ஒரே நேரத்தில் நிரம்பி உறுமின.

"ஓடு!" என்று கத்தினாள் கெங்கம்மாள். இருவரும் கரையோரமாகத் தண்ணீரோடு ஓடினார்கள். தண்ணீர் கோரைக்குள் புகுந்து பரவி, வேகம் குறைந்து, அவர்களுக்குக் கொஞ்சம் பின்னாலேயே வந்தது. கெங்கம்மாள் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். ஏரி விளிம்பில் வேம்புலியம்மாள் குனிந்து நின்றாள். செம்மண் நிறத்தில் நுரையோடு வந்த முதல் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தாள்.

"மண்ணு வாசனமே!" என்று நிமிர்ந்தாள். "சுத்தமா மண்ணு வாசன!"

ஹில்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் முழங்கால் சேற்றில் குதித்தார்கள்.

திரும்பி வந்தபோது லூர்து நகரில் ஒவ்வொரு வாசலிலும் கூச்சல். "எங்களுது ரெண்டு படி எறங்கிடுச்சு!" "இங்க மூணு!" ஆனந்தன் குடையை மறந்துவிட்டு, முழங்காலளவுத் தண்ணீரில் வீடு வீடாகப் போய் மணி குறித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான்கு மணிக்குத் தெரு வெறும் ஈரமாக இருந்தது. ஜெகதாம்பாள் வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் புகுந்திருந்தது. அவள் வீட்டுத் தரையே பள்ளத்தில் இருந்தது. அதற்கு ஓடை என்ன செய்யும்?

அந்த வருஷம் அதன் பிறகு இரண்டு பெரிய மழை வந்தன. எதிலும் தண்ணீர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சித்தேரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியே வழிந்து ஓடியது, கரை உடையவில்லை.

டிசம்பரில் ஒருநாள் ஜெயபாலின் சுண்ணாம்புத் தொட்டி நிரம்பி வழிந்து ஓடையில் இறங்கியது. தகவல் கேட்டதும் வேம்புலியம்மாள் ஏரிக்கரைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆவேசமாக வந்தாள். வந்து பார்த்தால், லூர்து நகர்ப் பெண்கள் இருபது பேர் பட்டறை வாசலை ஏற்கெனவே அடைத்து நின்றார்கள். வழிகிற இடத்தைக் கெங்கம்மாள் மண் போட்டு அடைத்திருந்தாள். ஹில்டா ஜெயபாலிடம் தொட்டியை எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று நோட்டில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வேம்புலியம்மாள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"அடிப்பாவிங்களா, எனுக்குன்னு சண்ட போட ஒண்ணுமே உட்டு வைக்கலியா?" என்றாள். பிறகு அவளும் வாசலில் அவர்களோடு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.